ஐராவதிக் கரையில் தங்கியவர்கள்

கோவில்பட்டிச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஆறு என்றால் மணல்தான் ஞாபகத்துக்கு வரும். வைப்பாற்றிலே வருஷத்தில் சில நாட்களே தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிய காலமும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்துவிட்டு, மழை தவறினால் வானத்தையும் பூமியையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருக்கும் ஜனங்கள் நாம். இப்படிப்பட்ட வறண்ட பிரதேசங்கள் நிறைந்த திருநெல்வேலி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், வெள்ளகாலத்தில் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத ஒரு மகாநதியின் தேசத்துக்குப் போய்க் குடிசை போட்டு, கடை வைத்து, கோயில் கட்டி வாழ்ந்தார்கள். அந்த நதிதான் பர்மா தேசத்து ஐராவதி.

மணியாச்சி ஜங்ஷன் என்றதும் 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட சம்பவமே எல்லோருக்கும் நினைவு வருகிறது. அது நியாயமே. ஆனால், 1876-ல் இருப்புப்பாதை வந்தது முதல் அந்த ஸ்டேஷனுக்கு மற்றொரு சரித்திரமும் உண்டு. அது ஊரைவிட்டுப் போனவர்களின் சரித்திரம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிப் பக்கம் திரும்பினார்கள். பர்மாவுக்குப் போகிறவர்கள் வடக்கே சென்னைக்குச் சென்று ரங்கூன் கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பல்கள் யாருடையவை? 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒழித்துக்கட்டக் கட்டணத்தைத் தரைமட்டமாகக் குறைத்ததே, அதே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குத்தான் ரங்கூன் மார்க்கத்திலும் செல்வாக்கு. நம்முடைய கப்பலில் நாம் போவதற்கில்லாமற் போன அந்த நாள் முதல், பிறருடைய கப்பலில் பிறருடைய காரியத்துக்காகப் போக வேண்டியதாயிற்று.

ஐராவதிக் கரையிலே தமிழன் எழுநூறு வருஷங்களுக்கு முன்பே தங்கியிருக்கிறான். வியாபாரியாகவும், சிப்பாயாகவும், கூலியாகவும், அகதியாகவும், சுதந்திரப் போர் வீரனாகவும் தங்கியிருக்கிறான். நதி ஒன்றே. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் எப்படிப் போனான், யாருக்காகப் போனான் என்பதைப் பொறுத்து அந்தக் கரையில் அவனுக்குக் கிடைத்த இடம் மாறியிருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

நதியின் குணம்

வடக்கே மலைநாட்டில் மாலி, நிமாய் என்ற இரண்டு ஆறுகள் மியிட்கினா நகருக்கு மேலே சுமார் 28 மைல் தூரத்தில் கூடுகின்றன. அந்தக் கூடல்தான் ஐராவதியின் தொடக்கம். அங்கிருந்து அது தெற்கே ஓடி, பல கிளைகளாகப் பிரிந்து அந்தமான் கடலில் விழுகிறது. மொத்த நீளம் சுமார் 1,350 மைல். நம்முடைய காவேரியின் நீளத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். இந்திரனுடைய யானையாகிய ஐராவதத்தின் பெயரே இந்த நதிக்கு வழங்குகிறது. மழை காலத்தில் அதைப் பார்த்தவர்கள் பெயர் பொருத்தந்தான் என்று ஒப்புக்கொள்வார்கள். மாண்டலே நகரத்தருகே கோடை மட்டத்துக்கும் வெள்ள மட்டத்துக்கும் சுமார் முப்பது அடி வித்தியாசம் உண்டு.

மழை முடிந்து நதி இறங்க ஆரம்பித்ததும் ஒரு வேடிக்கை நடக்கும. ஆற்றின் நடுவிலே மணல் திட்டுகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். உடனே கரையோரத்துக் கிராமவாசிகள் மூங்கிலும் பாயும் ஓலையும் சுமந்துகொண்டு அந்தத் திட்டுகளுக்குக் குடி போவார்கள். வெள்ளம் விட்டுச் சென்ற வண்டலிலே நிலக்கடலையும் புகையிலையும் அவரையும் பயிரிடுவார்கள். குழந்தைகளும் கோழிகளும் நாய்களும் கூடவே வரும். ஏழெட்டு மாதம் அங்கேதான் வாசம். மறுபடி நதி பொங்குவதற்கு முன் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே திட்டு இருக்குமென்பது நிச்சயமில்லை. நமது சம்சாரிகள் மேகத்தோடு பேரம் பேசுவதுபோல் அவர்கள் மணலோடு பேரம் பேசுகிறார்கள்.

தெப்பக்காரர்களின் வாழ்க்கை இன்னும் விசேஷம். மேல்நாட்டுக் காடுகளில் வெட்டிய தேக்கு மரங்களையும் மூங்கில்களையும் பிணைத்துத் தெப்பமாக்கி, அதன்மேல் குடிசை கட்டிக்கொண்டு, சமையலும் தூக்கமும் அங்கேயே வைத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், நீரோட்டத்தோடு மிதந்து வருவார்கள். கியாவுக்மியாவுங் என்ற ஊரில் செய்யும் பெரிய மண் ஜாடிகளையும் அவ்விதமே தெப்பமாகக் கட்டிக் கீழே கொண்டுவருவார்கள். அதே பகுதியில் ஒரு வகை ஓங்கில் மீன் உண்டு. வலைஞர்கள் படகைத் தட்டி அழைத்தால் அது வந்து, மீன் கூட்டத்தை வலைப்பக்கம் விரட்டிக் கொடுக்கும். மனிதனுக்குப் பிராணி துணைசெய்யும் இந்த அதிசயத்தை உலகத்தில் மிகச் சில இடங்களிலேதான் காணமுடியும்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த நதியின் போக்குவரத்து முழுவதும் ஒரே ஸ்தாபனத்தின் கையில் இருந்ததென்று சொல்லலாம். 1865-ல் கிளாஸ்கோ நகரத்தார் ஸ்தாபித்த ஐராவதி பிளாட்டில்லா கம்பெனிக்கு 1930-களில் அறுநூறுக்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. உலகத்திலேயே பெரிய நதிக் கப்பற்படை அதுதான். அவற்றில் பெரியவை 326 அடி நீளம். மாலுமிகளில் பெரும்பாலோர் சிட்டகாங்கிலிருந்து வந்த முஸ்லிம்கள். கோடையில் நதிக்குள் வழி தினந்தோறும் மாறும். ஆகவே, முன்புறத்தில் ஒருவன் நின்று மூங்கில் கழியால் ஆழம் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே வருவான். இருட்டிவிட்டால் கப்பலைக் கரையில் கட்டிவிடுவார்கள். மேல்தட்டில் வெள்ளைக்காரர்களுக்கு அறைகளும் சாப்பாட்டு மேஜையும் இருக்கும். கீழ்த்தட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டத்தில் பர்மியரும் சீனரும் ஷான்களும் தமிழரும் தெலுங்கரும் அவரவர் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில கப்பல்களோடு சந்தையே சேர்ந்து வரும். ஜவுளி, உப்புமீன், கண்ணாடி வளையல் எல்லாம் துறைக்குத் துறை விற்பனையாகும்.

பர்மாவிலும் ஒரு கரிசல்

ரங்கூனிலிருந்து புரோம் வரை 1877-லேயே ரயில் உண்டு. புரோமிலிருந்து கப்பலில் வடக்கே போகப் போகப் பச்சை குறைந்துகொண்டே வரும். அரக்கான் யோமா மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் பர்மாவின் நடுப்பாகம் மழைமறைவுப் பிரதேசமாகிவிட்டது. அங்கே வருஷத்துக்குப் பெய்யும் மழை பல இடங்களில் இருபத்தைந்து முப்பது அங்குலம், கோவில்பட்டிக் கணக்குத்தான். நெல் போய், பருத்தியும் எள்ளும் நிலக்கடலையும் சோளமும் வந்துவிடும். மியின்ஜான், மெய்க்டிலா பக்கங்களில் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்ணும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிவானம் வரையில் பனைமரங்கள்! ஏணி சார்த்திப் பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். உடன்குடிக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், பாஷையைத் தவிர வேறொன்றும் அவருக்குப் புதிதாகத் தோன்றாது.

அந்தப் பனைக் கூட்டங்களின் நடுவே, நதியின் வளைவிலே, பகான் என்ற பழைய தலைநகரம் கிடக்கிறது. பதினோராம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அங்கே அரசர்களும் பிரபுக்களும் கட்டிய விகாரங்களும் தூபிகளும் இரண்டாயிரத்துக்கு மேல் இன்னும் நிற்கின்றன. 2019-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலகப் பொதுச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்தது. அத்தனை புத்த ஆலயங்களுக்கு நடுவே, நத்லவுங் கியாவுங் என்ற ஒரு விஷ்ணு கோயிலும் இருக்கிறது.

பகானுக்குத் தெற்கே மியின்கபா என்னும் கிராமத்தில் ஒரு கல் கிடைத்தது. அதில் மேலே வடமொழிச் சுலோகம் ஒன்று, கீழே தமிழ். எழுத்து பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று சாசன ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஸ்ரீ குலசேகர நம்பி என்பவர், பகானிலிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபம் செய்து, கதவும் இட்டு, அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தார் என்பது அதிலுள்ள செய்தி. மகோதயர்பட்டினம் என்பது இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். நானாதேசிகள் என்போர் பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்த வணிகர் கூட்டத்தார்.

கவனியுங்கள்: மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவர், கடல் கடந்து, நதி வழியாக முந்நூறு மைலுக்கு மேல் உள்ளே போய், ஒரு பௌத்த அரசனுடைய தலைநகரத்திலே விஷ்ணுவுக்கு விளக்கேற்றித் தமிழிலே கல்வெட்டி வைத்திருக்கிறார். அவர் பின்னால் எந்தப் படையும் போகவில்லை. அந்த ஊரார் இடம் கொடுத்தார்கள், இவர் இருந்தார். ஐராவதிக் கரையில் தமிழில் பெயர் பொறித்து வைத்த அந்த மனிதர் விருந்தாளியாகப் போனவர் என்பதை மறக்கக் கூடாது.

துப்பாக்கியோடு போனவர்கள்

அடுத்தபடியாக நம்மவர்கள் பெருங்கூட்டமாக அந்தக் கரையில் கூடாரம் அடித்தது 1824-ல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆவா அரசன்மேல் தொடுத்த முதல் யுத்தத்தில், படையின் பெரும்பகுதி சென்னை ராஜதானிச் சிப்பாய்களே. டயானா என்ற சிறு நீராவிக் கப்பல் அவர்களுடைய படகுகளுக்குத் துணையாக நதியில் ஏறிற்று. யுத்தத்தில் நீராவிக் கப்பல் உபயோகப்பட்டது அதுவே முதல் தடவை என்பார்கள். 1826 பிப்ரவரியில் நதிக்கரையிலுள்ள யாண்டபோவில் உடன்படிக்கை கையெழுத்தாவதற்குள், வெள்ளையரும் இந்தியருமாகப் பதினையாயிரம் பேர் மடிந்துவிட்டார்கள். அவர்களில் குண்டுபட்டுச் செத்தவர்கள் கொஞ்சம். காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களே அதிகம். கூடாரத்தின் அடியில் தண்ணீர் தேங்கிய அந்த மழைக்காலத்தில், யாருடைய சண்டைக்காகத் தாங்கள் சாகிறோம் என்று அந்தச் சிப்பாய்கள் யோசித்திருப்பார்களா?

1885 நவம்பரில் பிளாட்டில்லா கம்பெனியின் கப்பல்களே வெள்ளைக்காரப் படையை மாண்டலேக்குக் கொண்டுபோயின. அதிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் ராஜ்யம் போயிற்று. தீபா அரசன் தன் ராணியுடன் கம்பெனிக் கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டு, கடைசியில் நம் நாட்டு ரத்தினகிரியில் சிறைவைக்கப்பட்டான். காலச்சக்கரத்தின் விளையாட்டைப் பாருங்கள்: ரத்தினகிரியிலே பிறந்த லோகமான்ய திலகரை 1908-ல் அதே ஆங்கில சர்க்கார் மாண்டலேச் சிறைக்கு அனுப்பிற்று. சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும் அதே வருஷத்தில்தான். ஆறு வருஷச் சிறைவாசத்தில் திலகர் எழுதிய நூல்தான் 'கீதா ரகசியம்'. பின்னால் சுபாஷ் சந்திர போஸும் அங்கே அடைக்கப்பட்டார். ஒரு தேசத்தை அடிமைப்படுத்த மற்றொரு தேசத்தின் ஆட்களை உபயோகித்தவர்கள், ஒரு தேசத்தின் தலைவர்களைப் பூட்டிவைக்க மற்றொரு தேசத்தின் சிறைகளையும் உபயோகித்தார்கள்.

நெல்லும் கடனும்

ஆங்கில ஆட்சி நிலைத்த பிறகு ஐராவதியின் கழிமுகம் முழுவதும் நெல் வயலாயிற்று. காட்டை வெட்டிக் கழனியாக்கியவன் பர்மியக் குடியானவன். அவனுக்குப் பணம் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் உழைப்புக் கொடுத்தவர்கள் தெலுங்கரும் தமிழரும். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் தேசமாயிற்று பர்மா. பஞ்ச காலத்தில் நம் ஊர்களுக்கு வந்த 'ரங்கூன் அரிசி' அங்கே விளைந்ததுதான். 1931-ம் வருஷக் கணக்குப்படி பர்மாவில் பத்து லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் தமிழர்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்குமேல் இந்தியர்களே.

இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வது சுலபம். ஆனால், உண்மையை மறைக்கலாகாது. 1930-ல் உலகமெங்கும் விலைவாசி சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடன் வாங்கிய குடியானவனால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் நகரத்தார் கைவசம் இருந்தது; 1937-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நகரத்தார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, போட்ட பணத்துக்கு ஈடாக நிலந்தான் கிடைத்தது என்பது உண்மை. ஆனால், பாட்டன் வெட்டிய கழனியில் பேரன் வாரக் குடியாக நின்றான் என்பதும் உண்மை. நமது கரிசல் காட்டிலும் கடனுக்கு நிலம் போன குடும்பங்கள் எத்தனை! அந்த வயிற்றெரிச்சல் எப்படியிருக்கும் என்று நமக்கு ஒருவர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் கடன் கொடுத்தவர்கள் அல்ல, மூட்டை தூக்கியவர்கள். வங்கியில் வேர்விட்ட கோபம் வீதியில் நின்றவன் தலையில் விடிந்தது. இரண்டு ஏழைகளை மோதவிட்டு நடுவில் லாபம் பார்த்தவர்களின் கப்பல்கள் நதியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

நதி வழியே ஓட்டம்

1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானியர் ரங்கூன்மேல் முதன்முதலாகக் குண்டு போட்டார்கள். அன்று தொடங்கிய ஓட்டம், 1942 மார்ச்சு 8-ந் தேதி ரங்கூன் விழுந்தபோது வெள்ளமாயிற்று. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு ஐராவதியே வழிகாட்டியாயிற்று. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் நதிகளையும் மலைகளையும் தாண்டித் தாய்நாடு வந்து சேர்ந்தார்கள்.

மூன்று பெரிய வழிகள் இருந்தன. ஒன்று, புரோமுக்கு வந்து, ஐராவதியைக் கடந்து, அரக்கான் யோமாவின் மேலே நடந்து, தாங்குப் என்ற கடற்கரை ஊரை அடைவது. அங்கிருந்து அக்கியாபுக்கும் சிட்டகாங்குக்கும் படகு. புரோமில் கூடிய கூட்டத்தில் காலரா புகுந்துவிட்டது. இரண்டாவது, மாண்டலேக்குப் போய், ஐராவதியின் பெரிய உபநதியாகிய சிந்த்வின் மேலே மோனிவாவிலிருந்து படகில் கலேவா வரை சென்று, பிறகு தமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறி இம்பாலை அடைவது. மூன்றாவது, மற்ற வழிகள் அடைபட்ட பிறகு, மியிட்கினாவையும் தாண்டி ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கு நடப்பது. அந்த வழியில் போனவர்களை மே மாதத்து மழை பிடித்துக்கொண்டது. சேற்றிலும் அட்டையிலும் காய்ச்சலிலும் அகப்பட்டு வழியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் எழுந்திருக்கவில்லை.

நம்மவர்கள் வழிநெடுக முகாம் போட்டார்கள். ஆற்றுமணலே மெத்தை, மூங்கில் புதரே கூரை. ஒரு பானையில் அரிசி, ஒரு துணியில் உப்பு. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. நடக்க முடியாத தாயை மர நிழலில் உட்கார வைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களும் உண்டு. இறந்தவர்கள் பல்லாயிரம். அவர்களைத் தனித்தனியே எண்ணிப் பெயர் எழுதிவைத்த அதிகாரி ஒருவரும் இல்லை.

அந்தத் துயரத்திலும் நிறபேதம் நின்றது. வசதியான வழியும் வண்டியும் வெள்ளையருக்கு. கடினமான வழி இந்தியருக்கு என்ற புகார் தேசமெங்கும் எழுந்தது. காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் அதை வன்மையாகக் கண்டித்தார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியும் கண்டனத் தீர்மானம் செய்தது. அதற்கு மூன்று மாதத்துக்குப் பிறகு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் பிறந்ததல்லவா? அந்தக் கோபத்தின் ஓர் ஊற்று ஐராவதிக் கரையிலும் இருந்தது.

ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா தம் மனைவியுடன் இவ்விதம் நடந்து வந்தவர். தாம் கண்டதைப் 'பர்மா வழிநடைப் பயணம்' என்ற நூலாகத் தமிழுக்குத் தந்தார். லட்சக்கணக்கானவர் நடந்ததில், எழுதத் தெரிந்த ஓரிருவர் சுவடே நமக்கு எஞ்சியிருக்கிறது.

பிளாட்டில்லா கம்பெனியார் ஜப்பானியர் கையில் சிக்காமலிருக்கத் தங்கள் கப்பல்களைத் தாங்களே நூற்றுக்கணக்கில் ஐராவதியில் மூழ்கடித்தார்கள். சகாய்ங் நகரத்தருகே 1934-ல் கட்டி முடித்த ஆவாப் பாலத்தை, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை 1942 ஏப்ரல் கடைசியில் தகர்த்துவிட்டுப் போயிற்று. நதியின்மேல் இருந்த ஒரே பாலம் அதுதான்.

இரண்டு கரையிலும் நம்மவர்

1945 பிப்ரவரியில், தமிழ் வியாபாரி விளக்கு வைத்த அதே பகான் பக்கத்தில், இந்திய தேசிய ராணுவத்தின் நேரு படைப்பிரிவு, குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமையில் ஐராவதியின் கீழ்க்கரையைக் காத்து நின்றது. பீரங்கி இல்லை, ஆகாய விமானம் இல்லை, மைல் கணக்கான நதிமுகத்துக்குச் சில நூறு துப்பாக்கிகள். நேதாஜியின் ராணுவத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். அதுவரை பால்வெட்டும் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாதவர்கள்.

பிப்ரவரி 14-ந் தேதி நியாங்-ஊ துறையில் பிரிட்டிஷ் படை நதியைக் கடந்தது. கடந்ததும் ஓர் இந்திய டிவிஷன்தான்! அந்த மாதங்களில் ஐராவதியைக் கடக்கத் தெப்பமும் பாலமும் அமைத்த பொறியாளர் படைகளிலே மதராஸ் ஸாப்பர்களும் இருந்தார்கள். ஆக, ஒரு நதியின் இரண்டு கரைகளிலும் ஒரே பாஷை பேசுகிறவர்கள், ஒரே விதமான கிராமங்களிலிருந்து வந்தவர்கள், எதிரெதிராக நின்றார்கள். ஒருவன் குடும்பக் கஷ்டத்துக்காகச் சம்பளத்துக்குப் போனவன். மற்றவன் பார்த்தேயிராத தாய்நாட்டின் விடுதலைக்காகப் போனவன். இருவரையும் நாம் பழிக்க முடியாது. ஒரு தேசம் அடிமைப்பட்டிருந்தால் அதன் மக்களுக்கு என்ன கதி நேரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

பகான் முகப்பில் சிலர் சரணடைந்தார்கள். மற்றவர்கள் பின்வாங்கி, போப்பா மலைப்பக்கம் போய், பிரேம்குமார் ஸஹ்கலின் படையுடன் சேர்ந்து ஏப்ரல் வரையில் போராடினார்கள். ஸஹ்கல், தில்லான், ஷா நவாஸ் கான் ஆகிய மூவர்மீதும் 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் நடந்த விசாரணையும், தேசம் கொதித்தெழுந்ததும், 1946 ஜனவரியில் அவர்கள் விடுதலையானதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் ஐராவதிக் கரையில் விழுந்த தோட்டத் தொழிலாளியின் வழக்கு எந்தக் கோட்டையிலும் விசாரிக்கப்படவில்லை.

திரும்பி வந்தவர்களும் திரும்பிப் போனவர்களும்

1948 ஜனவரி 4-ந் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. பிளாட்டில்லா கம்பெனியும் சர்க்கார் உடைமையாயிற்று. ஆவாப் பாலம் 1954-ல் சீர்செய்யப்பட்டது. தமிழர்களும் பலர் அங்கேயே இருந்தார்கள். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின், 1963, 1964-ம் வருஷங்களில் கடைகளும் ஆலைகளும் பாங்குகளும் சர்க்கார் வசமாயின. சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள், கையில் கொண்டுவர அனுமதித்த சொற்பத்துடன் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் தோன்றிய பர்மா பஜாரும், தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'பர்மா காலனி' என்று வழங்கும் தெருக்களும் அவர்கள் இட்ட முகாம்களே.

எல்லோருக்கும் இங்கே மனம் ஒட்டவில்லை. சிலர் பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடுவதென்று, 1942-ல் ஜனங்கள் வந்த அதே வழியை எதிர்த்திசையில் பிடித்து, மணிப்பூர் எல்லைக்குப் போனார்கள். பர்மிய அதிகாரிகள் அவர்களை உள்ளே விடவில்லை. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர மனமில்லாமல், எல்லைக்கோட்டிலேயே மோரே என்ற இடத்தில் தங்கிவிட்டார்கள். தமுவுக்கு எதிரே உள்ள அந்தச் சிற்றூரில் தமிழ்ச் சங்கம் உண்டு. அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயிலும் உண்டு. 2023-ல் மணிப்பூரில் மூண்ட கலவரம் அவர்களுடைய வாழ்க்கையையும் குலைத்தது.

ஐராவதியும் அமைதியாக இல்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பறித்ததிலிருந்து நதிக்கரை ஊர்களில் யுத்தம் பரவியது. 2025 மார்ச்சு 28-ந் தேதி பூமி நடுங்கியபோது, யுத்தத்துக்குப் பின் புதுப்பித்துக் கட்டிய பழைய ஆவாப் பாலம் நதியில் சரிந்து விழுந்தது. மணல் திட்டுகளில் குடிசை போடும் அந்த ஜனங்கள் இப்போது குண்டுக்குப் பயந்து ஓடி, கூடாரங்களில் தங்குகிறார்கள். 1942-ல் நம்மவர்கள் நடந்த எல்லை வழியில் இன்று பர்மியர்கள் அகதிகளாக நடந்து வருகிறார்கள். அவர்களை எப்படி வரவேற்பது என்று யோசிக்கும்போது, பகானில் நம்மவருக்குக் கிடைத்த இடத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சரித்திரத்தை இன்று யார் எழுதுவது? 1942-ல் ஐந்து வயதுக் குழந்தையாகத் தகப்பன் தோளில் வந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. 1964-ல் கப்பலில் வந்த பிள்ளைகளே பாட்டன் பாட்டிகளாகிவிட்டார்கள். நம் வட்டாரத்தில் ரங்கூன்காரர் வீடு என்று பெயர் சொல்லும் வீடு ஏதேனும் இருந்தால், போய்க் கேளுங்கள். எந்த ஊரில் இருந்தார்கள், எந்தத் துறையில் நதியைக் கடந்தார்கள், கூட வந்தவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர், வழியில் விட்டுவிட்டு வந்தவருடைய பெயர் என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடுமுறையில் செய்யக்கூடிய வேலை இது. குலசேகர நம்பியின் பெயரைக் கல் காத்து வைத்தது. மணலில் தங்கியவர்களுக்கு ஒரு காகிதமாவது கிடைக்கட்டும்.